ஓட்டோவை எங்கே நிறுத்துவது? தொடர்மாடி விதிகளும் லயத்து வாசலும்

பண்டாரவளை நகரிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் வீதிகளில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போனால், தோட்டத்துப் பாதை தொடங்கும் சந்திகளில் ஓட்டோக்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து ஒரு கல், மேலே ஒரு படங்கு. சிலர் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஓட்டுபவரின் வீடு அந்தச் சந்தியில் இல்லை. அரை மைலோ ஒரு மைலோ மேலே, லயத்தில் இருக்கிறது.

பாதை மோசம் என்பதால் கீழேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் பாதை நன்றாக இருந்தும் விட்டுப்போகிறவர்களிடம் கேட்டால் “உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்” என்பதுதான் பதில். யார் சொன்னது? ஒருவர் துரை என்பார். இன்னொருவர் வாச்சர் என்பார். மூன்றாமவர், பக்கத்துக் காம்பராக்காரரோடு ஏற்பட்ட சண்டைக்குப் பிறகு தலைவர் செய்துவைத்த சமரசம் அது என்பார். எழுதி ஒட்டிய விதியைப் பார்த்தவர் எவருமில்லை.

இதே தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போய், தொடர்மாடிகளில் காவலாளிகளாகவும் ஓட்டுநர்களாகவும் வேலை செய்யும் பிள்ளைகள் அங்கே வேறொரு வகை விதியைத் தினமும் பார்க்கிறார்கள். “விருந்தினர் வாகனம் இரண்டு மணித்தியாலம் மட்டும்”, “ஒரு வீட்டுக்கு ஒரு வாகனம்”, “முச்சக்கரவண்டிகள் உள்ளே நிறுத்தக்கூடாது”. இவை எழுதியே ஒட்டப்பட்டிருக்கும். படித்தாலும் காரணம் புரியாது. ஆனால் அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. லயத்து வாசலுக்கு அந்த இடம் எது என்பதுதான் இங்கே விடயம். அதற்கு முன் தொடர்மாடியின் கதையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது உதவும்.

தொடர்மாடியில் தரை யாருடையது

இலங்கையில் தொடர்மாடி வீடுகளுக்கான அடிப்படைச் சட்டம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன் 1970இல் ஒரு சட்டம் வந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு 1982, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் மையக் கருத்து எளிமையானது. கட்டடம் முழுவதற்கும் நில அளவையாளர் ஒரு வரைபடம் தயாரிக்க, அது காணிப் பதிவகத்தில் பதியப்படுகிறது. அந்த வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு தனி அலகு. படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, முற்றம் போன்ற மற்றவை பொதுக் கூறுகள். பொதுக் கூறுகள் எல்லா வீட்டுச் சொந்தக்காரருக்கும் பங்கு வீதப்படி சேர்ந்தே உரியவை. வரைபடம் பதியப்பட்டதும், வீட்டுச் சொந்தக்காரர்கள் அனைவரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிறது. பொது இடங்களைப் பராமரிப்பதும், அவற்றின் பாவனைக்கு ஒழுங்குவிதிகள் வகுப்பதும் அதன் வேலை. இவற்றுக்கெல்லாம் மேலே மேற்பார்வைக்கு இருப்பது கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை.

வாகனத் தரிப்பிடம் இந்த வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சில கட்டடங்களில் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் இலக்கமிட்டு, இன்ன வீட்டோடு சேர்ந்தது என்று வரைபடத்திலேயே காட்டியிருப்பார்கள். அப்படியானால் அது வீட்டோடு வருகிறது, வீட்டோடு போகிறது. பக்கத்து வீட்டார் அதில் உரிமை கோர முடியாது. வேறு சில கட்டடங்களில் தரிப்பிடம் முழுவதும் பொதுக் கூறு. அங்கே யார் எங்கே நிறுத்தலாம் என்பதைக் கூட்டுத்தாபனம் தீர்மானிக்கிறது. இன்று ஒருவருக்குக் கொடுத்ததை நாளை கூட்டம் கூடி மாற்றவும் இடமுண்டு. வீடு வாங்கும்போது விற்பனைக்காரர் “இது உங்கள் பார்க்கிங்” என்று கையால் காட்டுவது இந்த இரண்டில் எது என்பதை வரைபடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பலருக்கு இது தெரிவது முதல் சண்டையின் போதுதான்.

இந்தியாவில் இதே குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மும்பையில் ஒரு கட்டுமான நிறுவனம், கட்டடத்தின் தூண்களுக்கிடையில் உள்ள தரைத்தளத் தரிப்பிடங்களைத் தனித்தனியாக விற்கும் உரிமை தனக்கே என்று வாதிட்டது. நஹல்சந்த் லாலுசந்த் எதிர் பாஞ்சாலி கூட்டுறவு வீடமைப்புச் சங்கம் என்ற அந்த வழக்கில் 2010 ஓகஸ்ட் 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மகாராஷ்டிரச் சட்டப்படி தூண்தளத் தரிப்பிடம் தனி வீடும் அல்ல, கராஜும் அல்ல. அது பொது இடம், தனியாக விற்க முடியாது என்றது நீதிமன்றம். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் தரிப்பிடத்துக்கெனத் தனியாகப் பணம் கேட்கும் விற்பனைக்காரரிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது.

புதிர் போன்ற விதிகளில் பாதிக்கு மேல் காரணம் உள்ளவை, அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதே குறை. எரிவாயுவில் ஓடும் வாகனத்தைக் கீழ்த்தளத்தில் விடாததற்குக் காரணம், திரவப் பெற்றோலிய வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரைமட்டத்தில் தேங்கும். திருப்பத்தில் நிறுத்தாதே என்பது தீயணைப்பு வண்டிக்காக. விருந்தினர் இடத்தில் குடியிருப்பாளர் நிறுத்தக்கூடாது என்பதற்கும் அடிப்படை உண்டு: கட்டட அனுமதி கொடுக்கும்போதே இத்தனை தரிப்பிடம் வேண்டும் என்று கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்கைக் கலைக்க முடியாது. ஒரு காருக்குச் சாதாரணமாக 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர் இடம் ஒதுக்குவார்கள். இந்த அளவில் இரண்டு ஓட்டோக்கள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். பஜாஜ் ஓட்டோ ஒன்றின் நீளம் ஏறக்குறைய 2.6 மீட்டர், அகலம் 1.3 மீட்டர்.

அப்படியென்றால் “முச்சக்கரவண்டிகள் கூடாது” என்ற விதிக்கு இடம் போதாது என்பது காரணமாக இருக்க முடியாது. எண்ணெய் ஒழுகும், சத்தம், வாடகைக்கு வருவோர் போவோர் என்று சொல்வார்கள். எண்ணெய் எந்தப் பழைய வாகனத்திலும் ஒழுகும். உண்மையான காரணம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதுதான். இது நமக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவின் புளோரிடாவில் கோரல் கேபிள்ஸ் என்ற செல்வந்த நகரம், பிக்கப் வண்டிகளை இரவில் வீட்டு முன் நிறுத்துவதைப் பல ஆண்டுகள் தடைசெய்திருந்தது. தண்டப்பணம் விதிக்கப்பட்ட ஒருவர் வழக்குப் போட்டார். 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் ஒரு குழாம் அவர் பக்கம் நின்றது. 2010இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2012இல் நகர மக்கள் வாக்களித்து விதியைத் தளர்த்தினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்களும் இதேபோன்ற தடைகளை வைத்திருந்தன. சொந்தப் பாவனைக்கான பிக்கப் வண்டியை ஒருவர் தன் வீட்டு வாகனப் பாதையில் நிறுத்துவதைச் சங்கம் தடுக்க முடியாது என்று புளோரிடா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது 2024இல்தான். வேலைக்காரனின் வண்டி கண்ணில் படக்கூடாது என்ற விருப்பத்தை உடைக்க அங்கேயும் இத்தனை காலம் பிடித்தது.

கொழும்புத் தொடர்மாடியில் இத்தகைய விதியால் பாதிக்கப்படும் வீட்டுச் சொந்தக்காரருக்கு வழி இருக்கிறது. காணிப் பதிவகத்தில் வரைபடத்தின் பிரதியை எடுக்கலாம். ஒழுங்குவிதியை எழுத்தில் கேட்கலாம். பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், வாக்களிக்கலாம். தீராவிட்டால் அதிகாரசபைக்கு முறையிடலாம், நீதிமன்றம் போகலாம். வாடகைக்கு இருப்பவருக்கு இவற்றில் பல இல்லை. அவர் தன் வீட்டுச் சொந்தக்காரர் மூலமே போக வேண்டும். காவலாளிக்கோ எதுவும் இல்லை. விதியை அமுல்படுத்துவதும் ஏச்சு வாங்குவதும் மட்டும் அவருடைய பங்கு.

லயத்தில் வரைபடம் இல்லை

இனி அந்தக் காவலாளியின் ஊருக்கு வருவோம். லயமும் ஒரு வகைத் தொடர்வீடுதான். ஒரே கூரை, பொதுச் சுவர், பொது வாசல், பொதுக் கான். ஒரு காம்பராவின் இஸ்தோப்பு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. தொடர்மாடிச் சட்டம் எதையெல்லாம் பொதுக் கூறு என்கிறதோ, அவையெல்லாம் லயத்திலும் உண்டு. இல்லாதது சொந்தக்காரர்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன; பின்னர் 2045 வரையிலான 53 ஆண்டுக் குத்தகையாக அது அமைந்தது. ஆக, லயத்து வாசல் அரசின் காணி, கம்பனியின் குத்தகை, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, தொழிலாளியின் பாவனை. நான்கு பேர் அதில் நிற்கிறார்கள். அங்கே வாழ்பவரின் பெயர் மட்டும் எந்தக் காணிப் பதிவேட்டிலும் இல்லை.

அதனால்தான் தோட்டத்தில் ஒரு ஓட்டோவை நிறுத்துவது வெறும் இடப்பிரச்சினையாக இருப்பதில்லை. நிர்வாகம் சொல்லும் காரணங்களில் நியாயமானவை உண்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன் லொறி திரும்ப வேண்டும். கான் அடைபட்டால் மழைநீர் பாதையை அறுக்கும். பதுளை மாவட்டத்தில் கான் அடைபடுவது சின்ன விடயமல்ல, 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. சரிவில் மண்ணை வெட்டித் தட்டையாக்கி வண்டிக்கு இடம் செய்வதைத் தடுப்பது சரியே.

ஆனால் சமதரையில், கானுக்கு எட்ட, நான்கு கம்பமும் இரண்டு தகரமும் வைத்து வண்டிக்குக் கூரை போடுவதைத் தடுக்கும்போது காரணம் வேறு. இன்று கொட்டகை, நாளை அறை, மறுநாள் உரிமை என்ற பயம் அது. தனியார் காணியில் பத்து ஆண்டு எதிரான உடைமையோடு இருந்தால் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் அரசுக்கு எதிராக ஓடாது. மறுபுறம், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுபவர் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம். மூன்று தலைமுறை வாழ்ந்தோம் என்பது அங்கே பதில் ஆகாது. கொட்டகைக்குச் சட்டத்தில் பலமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இருந்தும் இரு தரப்பும் அதைக் காணிச் சண்டையின் முதல் படி போலவே பார்க்கின்றன.

இதில் ஓட்டோக்காரர் இழப்பது அதிகம். பெரும்பாலானவர்கள் லீசிங்கில் எடுத்தவர்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஓட்டோக்களின் விலை எங்கோ போய்விட்டது. சந்தியில் விட்ட வண்டியின் பற்றரி ஓர் இரவு காணாமற்போனால் அடுத்த நாள் வருமானம் இல்லை, மாதக் கட்டுப்பணம் பிந்தும், பிந்தினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தாலும் நெஞ்சுவலி வந்தாலும் லயத்தில் இருப்பவர்கள் முதலில் தட்டும் கதவு ஓட்டோக்காரருடையது. அவருடைய வண்டி ஒரு மைல் கீழே நின்றால், நோயாளியை அந்த ஒரு மைல் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பாதையைக் கேட்பது

தோட்டத்துப் பாதைகள் பிரதேச சபைகளின் கைக்கு எட்டாமல் இருந்ததற்குச் சட்டக் காரணம் ஒன்று இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கப்பட்டு வந்தது. வாக்கு வாங்கிய உறுப்பினரே “அது தோட்டத்துக்குள், எங்களால் முடியாது” என்று சொல்லும் நிலை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளைச் செய்ய வழி திறந்தது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கதவு திறந்தது என்றாலும் தானாக எவரும் உள்ளே வருவதில்லை. சபை பொறுப்பேற்ற பாதையில் சங்கிலி போட்டு மறிப்பது எளிதல்ல. பொறுப்பேற்காத பாதையில் அது வெகு எளிது. நம் பாதை இரண்டில் எது என்பதைப் பிரதேச சபையில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை.

இரண்டாவது, விதியை எழுத்தில் கேட்பது. பல தோட்டங்களில் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தோட்ட முகாமையாளரும் அதில் உண்டு. பெரும்பாலும் கடன், கூரைத்தகடு என்று மட்டுமே அங்கே பேசப்படுகிறது. பழைய மடுவத்தின் பக்கமோ, பாவனையில் இல்லாத பிள்ளை மடுவத்தின் பக்கமோ பத்து ஓட்டோக்களுக்கு ஒரு பொதுத் தரிப்பிடத்தைக் குறித்துத் தரச்சொல்லி அந்தச் சங்கத்தில் ஒரு தீர்மானம் எடுத்துக் கடிதமாக்கினால், வாச்சரோடு வாய்த்தர்க்கம் செய்ய வேண்டிய தேவை குறையும். ஆளுக்கொரு கொட்டகை கேட்பதைவிட நிர்வாகம் இதற்கு இணங்குவதும் எளிது. காணிப் பயம் இதில் இல்லை.

மூன்றாவதுதான் இப்போது அவசரமானது. 2015க்குப் பிறகு வந்த தனிவீட்டுத் திட்டங்கள் ஏழு பேர்ச் காணியோடு பேசப்பட்டன. இந்திய உதவி வீடுகள் 550 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடி என்று பார்த்தால் ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக 1,300 சதுர அடிக்கு மேல் மிச்சம். கடதாசியில் மூன்று கார் நிறுத்தலாம். மலையில் அப்படி இல்லை. வீடுகள் படிவரிசையாக நிற்கின்றன. மேல் வரிசைக்குப் போவது பல இடங்களில் வெறும் படிக்கட்டு அல்லது மூன்றடி நடைபாதை. காணி கிடைத்தும் வண்டி வீதியிலேயே நிற்கிறது. திட்டம் வரைந்தவர்கள், தோட்டத் தொழிலாளியின் வீட்டில் ஒரு வாகனம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளை பொது மைதானத்தில் ஜனாதிபதி தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மலையகக் குடும்பங்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. அந்தக் கடதாசியை வைத்திருப்பவர்களும் இனி வாங்கப்போகிறவர்களும் கவனிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. நில அளவையாளர் வந்து கல் நாட்டும் நாள். காணித் துண்டின் நாலு எல்லையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடாது. அந்தத் துண்டுக்கு வரும் பாதை வரைபடத்தில் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அதன் அகலம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, அது பொதுப் பாதையா அல்லது தோட்டத்துப் பாதையா என்று கேட்க வேண்டும். ஓட்டோ போக ஆறடி போதும். அம்புலன்ஸ் வரப் பத்தடியாவது வேண்டும். வரிசையின் கடைசியில் திரும்புவதற்கு ஓர் இடம் விடச் சொல்ல வேண்டும். வரிசையில் உள்ளவர்கள் கூடி, ஆளுக்கு ஓரடி விட்டுக்கொடுத்துப் பாதையை அகலமாக்கிக்கொள்வதும் கல் நாட்டும் முன்னரே செய்யக்கூடியது. உறுதி எழுதிப் பதிந்த பிறகு அதே ஓரடிக்கு ஒவ்வொரு வீட்டாரும் சட்டத்தரணியிடம் போக வேண்டும், மறுபடியும் ஓர் அளவைக் கட்டணம் கட்ட வேண்டும், கடைசி வீட்டார் சம்மதிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும்.